"ஒண்ணுமே நடக்கலையே!": யாத்திரை ஆவணப்படங்களைப் பொறுமையாகப் பார்ப்பது எப்படி

கோயில் திருவிழா, பாதயாத்திரை பற்றிய ஆவணப்படம் என்றதும் நம் மனதில் ஓடுவது பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்தான். ட்ரோன் கோபுரத்துக்கு மேலே எழும்பும். நாதஸ்வரம் கேட்கும். கனத்த குரல் ஒன்று "பொருநை நதிக்கரையிலே..." என்று ஆரம்பித்து மூலவர், உற்சவர், தல விருட்சம், தீர்த்தம், பேருந்து வசதி வரைக்கும் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடும். கோயிலுக்குக் கிளம்புகிறவருக்கு உபயோகமான சரக்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

வேறொரு வகைப் படமும் இருக்கிறது. திருச்செந்தூருக்கு நடந்து போகிற ஒருவர் வழியில் உட்கார்கிறார். நான்கு நிமிடம் உட்கார்ந்தே இருக்கிறார். யாரும் எதையும் விளக்குவதில்லை. பாட்டும் இல்லை. பக்கத்தில் இருந்து பார்க்கும் நண்பர் நெளிய ஆரம்பிப்பார்: "என்னவே இது, ஒண்ணுமே நடக்கலையே!"

இந்த வகைப் படங்களைப் பற்றி நாம் கேட்கும் பேச்சு மூன்று தினுசு. "கேமராவை ஆன் பண்ணி வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டான்" என்பது கேலி. "அதெல்லாம் அவார்டுக்கு எடுக்கது" என்பது ஒதுக்கல். "எந்த ஜோடனையும் இல்லாத அப்பட்டமான உண்மை" என்பது பாராட்டு. மூன்றும் சரியில்லை. அதிலும் எனக்கு அதிகம் உறுத்துவது அந்தப் பாராட்டுதான். ஏன் என்று பிறகு வருகிறேன்.

## கல்யாண கேசட்டிலிருந்து தொடங்கலாம்

வீட்டில் பழைய கல்யாண கேசட் இருந்தால் ஓட்டிப் பாருங்கள். மூன்று மணி நேரம் போகும். வீடியோக்காரர் கண் கூசும் லைட்டோடு பந்திக்குள் நுழைந்து இலை இலையாக நகர்வார். சாப்பிடுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு மெல்லுவார்கள். இன்றைய கல்யாணத்துக்கு வருவது நாலு நிமிட ஹைலைட்ஸ்: ஸ்லோ மோஷனில் தாலி, பூ மழை, மேலே ஒரு சினிமாப் பாட்டு.

ஹைலைட்ஸில் எங்கே பார்ப்பது, எப்போது கண் கலங்குவது என்பதையெல்லாம் பாட்டும் வெட்டுமே முடிவு செய்துவிடும். கேசட்டில் அப்படி இல்லை. மணையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் முதல் அரை நிமிடத்திலேயே பார்த்து முடித்துவிடுவோம். ஆனால் ஷாட் நிற்காது. ஷாட் என்பது கேமரா ஓடத் தொடங்கியதிலிருந்து அடுத்த வெட்டு வரும்வரை இடையறாமல் வரும் ஒரு துண்டு. அது தொடர்ந்து ஓட ஓட, வேறு வேலை இல்லாத கண் ஓரங்களுக்குப் போகும். தூணுக்குப் பக்கத்தில் சித்தி யாரையோ முறைத்துக்கொண்டு நிற்கிறாள். இப்போது இல்லாத தாத்தா மேளக்காரரிடம் கணக்கு பேசுகிறார். பின்னால் ஒரு குழந்தை யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு நடக்கிறது. யாரும் இதைப் பார் என்று சொல்லவில்லை, நாமாகப் பார்த்தோம்.

பொறுமையான ஆவணப்படத்தின் விதை இதுதான். ஆனால் கேசட் படம் ஆகிவிடாது. வீடியோக்காரர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கிடைத்ததை எல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டார். ஆவணப்படக்காரர் நூறு மணி நேரம் எடுத்தாலும் அதிலிருந்து இரண்டு மணி நேரத்தைத்தான் உங்கள் முன் வைப்பார். எந்த இரண்டு மணி நேரம், எந்த வரிசையில் என்பதில்தான் அவருடைய கை இருக்கிறது.

## எதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள்

இப்படிப்பட்ட படங்களைக் கவனிப்பு ஆவணப்படம் என்று சொல்லலாம். நடப்பதை அருகிலிருந்து கவனித்து, படத்துக்குள்ளே நடக்கும் விஷயங்களைக் கொண்டே படத்தைக் கட்டுவது என்று பொருள். இந்த வழியில் கறாராக நிற்பவர்கள் விளக்கம் சொல்லும் பின்னணிக் குரலை வைக்க மாட்டார்கள். கேமராவைப் பார்த்துப் பதில் சொல்லும் பேட்டி இருக்காது. வெளியிலிருந்து இசை சேர்க்க மாட்டார்கள். "இன்னொரு தடவை கும்பிடுங்கண்ணே, லைட் சரியில்லை" என்று கேட்கவும் மாட்டார்கள்.

நமக்கு இது விசித்திரமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. 1948ல் தொடங்கிய மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப்படங்களையும் குறும்படங்களையும் தியேட்டர்கள் கட்டாயம் திரையிட வேண்டியிருந்தது. பாளையங்கோட்டையிலோ திருநெல்வேலி ஜங்ஷனிலோ படம் பார்க்கப் போனால், பெயர் போடுவதற்கு முன்னால் அணைக்கட்டு, வெள்ளம், பிரதமர் பயணம் எல்லாம் கம்பீரமான குரலோடு வந்து போகும். பிறகு தூர்தர்ஷனும் அதே வழியில் போனது. ஆவணப்படம் என்றால் ஒருவர் பேசுவார், நாம் கேட்போம் என்று இரண்டு தலைமுறைக்குப் பழகிப்போயிற்று.

அந்தக் குரலுக்குத் தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. பழைய கேமராக்கள் கனமானவை, இரைச்சல் போடுபவை. நடக்கும் இடத்திலேயே பேச்சைத் தெளிவாகப் பதிவு செய்வது பெரும்பாடு. 1950களின் கடைசியில் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியும், தோளில் தூக்கக்கூடிய 16 மி.மீ. கேமராக்களும் இதை மாற்றின. 1960ல் அமெரிக்காவில் ராபர்ட் ட்ரூவின் குழு, கட்சியின் அதிபர் வேட்பாளர் இடத்துக்குக் கென்னடியும் ஹம்ஃப்ரியும் மோதிய விஸ்கான்சின் முன்தேர்தலைப் படமாக்கியபோது, கூட்டத்துக்குள் நுழையும் கென்னடியின் தலைக்குப் பின்னாலேயே கேமரா போயிற்று. நெல்லையப்பர் தேரோட்டத்தில் முன்னால் போகிறவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தவர்களுக்கு அந்த ஷாட் பார்த்த மாத்திரத்தில் புரியும்.

## நான்கு நிமிடத்துக்குள் என்ன இருக்கிறது

தைப்பூசம் நெருங்கும்போது பச்சை வேட்டி கட்டிய கூட்டங்கள் பாளையங்கோட்டையைத் தாண்டி, செய்துங்கநல்லூர், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் வழியாகத் திருச்செந்தூருக்கு நடப்பதை இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அந்தச் சாலையில் இரவு எடுத்த ஒரு ஷாட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கேமரா நகரவில்லை. மூடிக் கிடக்கும் ஒரு கடையின் படியில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் அரை நிமிடம் நாம் அடையாளம் கண்டுகொள்கிறோம். பச்சை வேட்டி, துணிப்பை, தண்ணீர் பாட்டில். சரி, பாதயாத்திரைக்காரர்கள். அடுத்த அரை நிமிடம் போரடிக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். அதைத் தாண்டினால்தான், நடுவில் இருப்பவர் வலது காலில் சுற்றிய துணியை அவிழ்ப்பது கண்ணில் படுகிறது. துணி ஒட்டிக்கொண்டிருக்கிறது, மெதுவாகப் பிரிக்கிறார். பக்கத்தில் ஒரு பையன் செல்போன் டார்ச்சைப் பிடித்திருக்கிறான். அவன் கவனம் திரையில் வந்து விழுந்த ஏதோ மெசேஜுக்குப் போக, வெளிச்சம் காலை விட்டு ஷட்டரில் ஏறுகிறது. "ஏல, காலுக்குக் காட்டுல." வெளிச்சம் திரும்பி வருகிறது. மூன்றாவது நிமிடத்தில் ஒரு லாரி கடக்கிறது. பின்னால் வரும் கூட்டத்தின் சப்பர வண்டியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பாட்டு அந்த இரைச்சலில் அமுங்கி, லாரி போனதும் முன்னைவிடக் கிட்டத்தில் கேட்கிறது. கடைசியில், ஓரத்தில் இதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்த பெரியவர் எழுந்து துண்டை உதறுகிறார். மற்ற ஐந்து பேரும் எழுகிறார்கள். கூட்டத்தை வழிநடத்தும் குருசாமி யார் என்று நமக்கு அப்போதுதான் தெரிகிறது.

இதே காட்சியை ஆறு நொடிக்கு நறுக்கினால் "வழியில் சற்று ஓய்வெடுக்கும் பக்தர்கள்" என்ற ஒரு வரிக்குள் அடங்கிவிடும். பையனும் மெசேஜும் குருசாமியும் காணாமல் போவார்கள். வணிகப் படங்களில் ஒரு ஷாட் பெரும்பாலும் சில நொடிதான் நீடிக்கிறது. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும். எப்படி நடக்கிறது, யாருக்கு வலிக்கிறது, யார் சொல்லை யார் கேட்கிறார்கள் என்பதெல்லாம் வெளிப்பட அதற்கு மேல் நேரம் பிடிக்கும். நீளமான ஷாட் இருக்கிறது என்பதாலேயே படம் நல்லதாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படியில் ஆறு பேரும் தூங்கிக்கொண்டிருந்தால் நானும் வெட்டித்தான் இருப்பேன்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துக்கொள்வோம். கவனிப்பு ஆவணப்படம் குரல், பேட்டி, சேர்த்த இசை ஆகியவற்றை விட்டுவிடுகிறது. அவை செய்த வேலையை ஷாட்டின் நீளத்திடமும் உங்கள் கண்ணிடமும் ஒப்படைக்கிறது.

## காதுக்கும் வேலை உண்டு

லாரி இரைச்சலைச் சொன்னேன். அது நேரடி ஒலி: படம் எடுக்கும்போதே, அதே இடத்தில் பதிவாகி, படத்தோடு பொருந்தி வரும் சத்தம். இந்த வகையில் பெரிய பெயரான அமெரிக்க இயக்குநர் ஃப்ரெடரிக் வைஸ்மன், படப்பிடிப்பில் கேமராவை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு மைக்கைத் தானே பிடித்தவர். படத்தையும் அவரே எடிட் செய்தார். மருத்துவமனை, பள்ளிக்கூடம் போன்ற இடங்களில் எது முக்கியம் என்பது பல நேரம் காதுக்குத்தான் முதலில் எட்டும்.

யாத்திரைக்கு இது இன்னும் பொருந்தும். கூட்டமாக எழும் "அரோகரா" ஒரு முனையில் தொடங்கி மறுமுனை போய்ச் சேர்வதற்குள் முன்னால் இருப்பவர்கள் நிறுத்தியிருப்பார்கள். கூட்டம் எவ்வளவு நீளம் என்பதை அந்தச் சத்தமே அளந்து காட்டிவிடும். அதன்மேல் ஸ்டூடியோவில் பதிந்த முருகன் பாட்டைப் போட்டால் அளவு போய்விடும், நடப்பவர்களின் களைப்பும் போய்விடும். மிஞ்சுவது எடிட்டரின் பக்தி மட்டுமே.

## பக்தியைப் படம் பிடிக்க முடியுமா?

முடியாது என்றே நினைக்கிறேன். கும்பிடுகிறவர் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று கேமராவுக்குத் தெரியாது. கை, கால், முகம், பை, பணம், வரிசை, அடுப்பு இவைதான் அதற்குத் தெரியும். யாத்திரையில் சாமி பார்க்கும் நேரம் சில நொடிதான். மற்ற நேரம் முழுக்க நடையும் காத்திருப்பும் சமையலும் பிள்ளையைத் தேடுவதும்தான். அதனால்தான் பொறுமையான படத்துக்கு யாத்திரை இவ்வளவு தோதான விஷயமாக இருக்கிறது. பொட்டல்புதூர் தர்கா கந்தூரிக்கும் உவரி அந்தோணியார் கோயிலுக்கும் வருகிறவர்களைப் பாருங்கள். சாமி வேறு, வழிபாடு வேறு. தூக்குச்சட்டியைத் திறக்கும் விதத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு கடினமான உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகப் பாத்திரம் பண்டத்தோடு போய் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவார்கள். அங்கே பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்தும் வழக்கம் உண்டு. அடுத்த வருடம் வந்து பார்த்தால் அந்தச் செருப்பு தேய்ந்திருக்கும், பட்டவராயன் போட்டு நடந்திருப்பான் என்பது நம்பிக்கை.

குரல் வைத்த படம் இதை இரண்டே விதமாகத்தான் சொல்லும். ஒன்று, "விஞ்ஞானத்துக்கே சவால் விடும் அதிசயம்!" இல்லையென்றால், "இன்றும் தொடரும் மூடநம்பிக்கை." இரண்டிலும் செருப்பைக் கொண்டுவந்த ஆளைக் காணோம். கவனிப்பு ஆவணப்படம் அந்த ஆளிடமிருந்து தொடங்கும். கடையில் அவர் செருப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். தோலை மடக்குகிறார், வாரை இழுத்துப் பார்க்கிறார், தன் காலுக்கு வாங்குவதைவிடக் கவனமாக. அளவு என்ன என்று யாரும் கேட்கவில்லை. "பெருசாவே குடுங்க அண்ணாச்சி" என்கிறார். விலையில் பேரம் உண்டு, சாமிக்கு என்பதற்காக விட்டுக்கொடுப்பதில்லை. இதைப் பார்த்தபின் அதிசயமா, மூடநம்பிக்கையா என்ற கேள்வி கொஞ்சம் பின்னுக்குப் போய்விடும். ஒரு மனிதர் இன்னொருவர் நடப்பதற்கென்று செருப்பு வாங்குவதை அல்லவா பார்த்தோம்.

சரி, ஏன் செருப்பு? படத்தில் குரல் இல்லாவிட்டால் இதை யார் சொல்வார்? நியாயமான கேள்வி. பட்டவராயன் என்பது முத்துப்பட்டன். பிராமணக் குடும்பத்தில் பிறந்து, அருந்ததியர் சமூகத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பி, அவர்கள் தகப்பனார் கேட்டபடி பூணூலை அறுத்துப் போட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு மணந்தவன். மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்டவன். இந்தக் கதை தெற்கத்தி வில்லுப்பாட்டில் பாடப்படுவது. ஆகவே கெட்டிக்காரப் படக்காரர் குரல் கொடுப்பவரைத் தேட மாட்டார். வில் கட்டி உட்கார்ந்து பாட்டு நடக்கும் ஓர் இரவுக்காகக் காத்திருப்பார். பூணூலை அறுக்கும் கட்டம் வரும்போது கேட்டுக்கொண்டிருக்கும் முகங்களையும் பிடிப்பார். தகவல் வந்து சேர்ந்துவிட்டது, அதுவும் அந்த மண்ணிலிருந்தே.

எப்போதும் இப்படிக் கைகூடும் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க இயக்குநர் ராபர்ட் கார்ட்னர் காசியை வைத்து 1986ல் வெளியிட்ட 'ஃபாரஸ்ட் ஆஃப் ப்ளிஸ்' படத்தில் குரலும் இல்லை, பேச்சுக்கு சப்டைட்டிலும் இல்லை. படகு, விறகு, சாமந்தி மாலை, நாய், சிதை என்று காட்சிகள் மட்டும் போகும். மானுடவியலாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். அழகு என்றனர் சிலர், பேசுகிறவர்களின் வாயைக் கட்டிவிட்டார் என்றனர் மற்றவர்கள். சப்டைட்டில் விஷயத்தில் நான் இரண்டாவது கட்சி. பேசத் தெரிந்த மனிதர் பேசும்போது என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

## அப்பட்டமான உண்மை என்ற பாராட்டு

முதலில் தள்ளிவைத்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படங்களில் வெட்டு குறைவாக இருப்பதால், யாரும் கைவைக்காமல் வந்து விழுந்தவை என்று தோன்றும். உலகத்திலேயே வெட்டு குறைந்த யாத்திரைப் படங்களில் ஒன்றை வைத்தே இதைச் சோதித்துவிடலாம்.

நேபாளத்தில் கோர்க்கா மாவட்டத்து மலைமேல் இருக்கிறது மனகாமனா அம்மன் கோயில். முன்பு மணிக்கணக்கில் மலையேற வேண்டும். 1998ல் கேபிள் கார் வந்தது. ஸ்டெஃபனி ஸ்ப்ரே, பாச்சோ வெலெஸ் இருவரும் இயக்கி 2013ல் வந்த 'மனகாமனா' படம் முழுவதும் அந்தக் கேபிள் காருக்குள்தான். மொத்தம் பதினோரு பயணம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்து நிமிடம். கேமரா ஒரு பக்கத்தில் அசையாமல் இருக்கும், எதிரே பயணிகள். முதலில் வருபவர்கள் ஒரு பெரியவரும் சிறுவனும், பேச்சே இல்லை. ஒரு பயணத்தில் ஏறிப் போவது ஆடுகள் மட்டும். இறங்கும்போது ஓர் அம்மாவும் மகளும் உருகும் ஐஸ்கிரீமோடு போராடுவார்கள். கோயில் படத்தில் வரவே வராது.

ஜோடனையே இல்லாதது போலத் தெரிகிறது, இல்லையா? எண்ணிப் பாருங்கள். கேமரா எங்கே இருக்க வேண்டும் என்பது ஒரு முடிவு. 16 மி.மீ. ஃபிலிம் சுருள் ஒன்று சுமார் பதினோரு நிமிடம் ஓடும், பயணமும் அதற்குள் அடங்கும் என்று கணக்குப் போட்டது இன்னொரு முடிவு. பயணிகளில் சிலர் ஸ்ப்ரேக்கு முன்பே தெரிந்தவர்கள். கார் நிலையத்தின் இருட்டுக்குள் நுழையும் நேரத்தில் வெட்டு ஒளிந்துகொள்கிறது. யாரை முதலில் அனுப்புவது, ஆடுகளை எங்கே வைப்பது, எல்லாமே எடிட்டிங் மேஜையில் தீர்மானித்தவை. எதிரே கேமரா இருப்பது பயணிகளுக்குத் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. சிலர் அதனால்தான் அப்படி விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதனால் படம் பொய்யாகிவிடவில்லை. ஒருவர் தேர்ந்தெடுத்துக் கட்டிய பார்வை அது. அப்படித் தெரிந்தே பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளும் வந்து சேரும். கேமரா ஏன் இங்கே நிற்கிறது? இவரைக் காட்டியவர் அவரை ஏன் காட்டவில்லை? காரையாற்றுப் படத்தில் குடில் போட்டவர்கள் வந்தார்கள், அவர்களைக் கட்டுப்படுத்தும் வனத்துறைக்காரர் வந்தாரா, அமாவாசை முடிந்தபின் குப்பை அள்ளுகிறவர் வந்தாரா? பாராட்டிக் கும்பிட்டுவிட்டால் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியாது. உறுத்தல் அதற்குத்தான்.

## எங்கிருந்து பழகுவது

மூன்று மணி நேரப் படத்தில் எடுத்த எடுப்பில் குதிக்க வேண்டாம். 'மனகாமனா' மாதிரி துண்டு துண்டாக ஆனது நல்லது. போனை வேறு அறையில் வைத்துவிட்டு, நல்ல ஹெட்போனோடு முதல் மூன்று பயணங்களைச் சேர்த்துப் பாருங்கள். முதல் பயணத்தில் போரடிக்கும். இரண்டாவதில் ஜன்னலுக்கு வெளியே போகும் தூண்களை எண்ண ஆரம்பிப்பீர்கள். மூன்றாவதில், எதிரே இருப்பவர் எப்போது வாய் திறப்பார் என்று காத்திருப்பீர்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். எல்லாருக்கும் எல்லாமும் பிடிக்க வேண்டும் என்று சட்டமில்லை.

எடுத்துப் பார்க்க நினைப்பவர்கள் காரையாற்றில் தொடங்காதீர்கள். அது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் இடம், யாத்ரீகர்களுக்கே கட்டுப்பாடுகள் உண்டு. தைப்பூசத்துக்கு முந்தைய இரவுகளில் திருச்செந்தூர் சாலை போதும். போனை முக்காலியில் நிறுத்தி, ஐந்து நிமிடம் தொடாமல் இருங்கள். யாரை எடுக்கிறீர்களோ அவர்களிடம் முதலில் கேட்டுவிடுங்கள். புண் பட்ட காலை அவிழ்க்கும் நேரத்தில் கேட்காமல் லென்ஸை நீட்டினால் குருசாமி கம்பைத் தூக்குவார், அதில் நியாயமும் உண்டு.